டைரக்டர் நிற்கும் இடம்

நாளை விருது விழா. காலி அரங்கத்தின் மேடை நடுவே, நாற்காலிகளை அடுக்க வந்த மருத்துவமனை நர்ஸ் அசையாமல் நிற்கிறாள். "அப்படியே நில்லுங்கக்கா, உங்க ஆஸ்பத்திரி டைரக்டரும் இதே உயரம்தான்" என்கிறான் ஏணி மேலிருந்து லைட்காரன். மஞ்சள் வெளிச்சம் அவள் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கி, சீருடைக் கழுத்தின் நைந்த ஓரத்தில் நிற்கிறது. கீழே அறிவிப்பாளர் மைக்கைத் தட்டிவிட்டு, சோதனைக்காகப் பாராட்டுரையைப் படிக்கிறார்: "நாற்பத்தோரு நாள் காய்ச்சல் வார்டை விட்டு வெளியே வராமல், நோயாளிகளோடு நோயாளியாகக் கிடந்த நம் டைரக்டர் அவர்களுக்கு..." கிடந்தவள் அவள். டைரக்டர் வார்டுக் கதவைத் தொட்டதுகூட இல்லை. தினமும் காலையில் ஃபோனில் எத்தனை பேர் செத்தார்கள் என்று மட்டும் கேட்பார். "கேக்குதாக்கா?" என்கிறார் அறிவிப்பாளர். "நல்லாவே கேக்குது." "மூஞ்சிய உம்முனு வைக்காதீங்கக்கா, நிழல் விழுது. அவரு சிரிச்சுக்கிட்டேதான் வருவாரு" என்கிறான் மேலிருந்து லைட்காரன். அவள் சிரித்துக் காட்டுகிறாள். பல்லில் வெளிச்சம் படுகிறது. லைட்காரனுக்குத் திருப்தி. இறங்கி வந்து அவள் காலடியில் குனிகிறான்; செருப்பு நுனியை ஒட்டித் தரையில் வெள்ளை டேப்பைக் குறுக்காக ஒட்டுகிறான். "அவ்வளவுதான்க்கா. இனிமே நீங்க நகரலாம்."