சேற்றுக்கால்

இரண்டு வருஷம் கழித்துப் பட்டாளத்திலிருந்து லீவில் பெருநகருக்கு வந்த கோபாலுக்கு, அக்கா சிட்டம்மாளின் வாயைக் கேட்டு மானமே போயிற்று.

மாமா பாண்டுரங்கன் கழனியிலிருந்து வந்தவர், வாசலில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தும் சேற்றுக்காலோடு உள்ளே போய்விட்டார்.

"கண்ணு இன்னா அவிஞ்சா பூடுச்சி? இப்பத்தானே தரையை மெழுவினேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாமா சிரித்தபடி வெளியே வந்து கோபால் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புருசனை இப்டியா பேசறது? நான் போய்க் கேக்கறேன் மாமா."

"குந்து மச்சான். வேணும்னுதான் சேத்தோட போனேன்."

"இன்னா மாமா சொல்றே?"

"பதறுவேன்னுதான் உனக்கு எழுதல. நீ போனப்புறம் உங்க அக்காவுக்கு மொகம் வீங்கி, கொரல் கம்மி, எந்நேரமும் தூங்கிக்கினே இருந்தா. கழுத்துல ஒரு சுரப்பி வேலை செய்யலயாம். காஞ்சிவரத்து டாக்டரு குடுத்த மாத்திரையை தெனம் வெறும் வயித்துல போட்டு எழுந்தா. நல்லாத்தானே கீறேன்னு போன அறுப்புல அவளா நிறுத்திட்டா. மறுபடியும் பேச்சு அடங்கிப்போச்சு. ஆயுசுக்கும் விடக்கூடாதுன்னு டாக்டரு கண்டிச்சாரு."

"இப்ப ஒயுங்கா போடறாளா?"

"கேட்டா ஆச்சுன்னு சொல்லிடுவா. இந்தச் சத்தம் பொய் சொல்லாது மச்சான். இதைக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்குது."

கோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கழற்றி வைத்த பட்டாளத்து பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு, மெழுகிய தரையை நோக்கி நடந்தான்.