ஐ ஆம் அஃப்ரெய்டு

போன் அடித்தபோது ஸ்டெல்லாவின் இரண்டு கைகளிலும் மீன் செதில் ஒட்டியிருந்தது.

செதில் படக் கூடாதென்று போனை ஜன்னலில் வைத்திருந்தாள்; கழுவாமலே ஓடினாள். அதற்குள் மாமியார் காசம்மாள் எடுத்துவிட்டிருந்தாள். காதில் வைத்துக் கொஞ்சம் கேட்டுவிட்டு, எவனோ இங்கிலீசில் பேசுகிறான் என்று மருமகளிடம் நீட்டினாள்.



முந்தாநாள் கப்பல் கம்பெனியிலிருந்து பேசியிருந்தார்கள். அப்போது அவள் பூரணாங்குப்பத்துக்குப் பக்கத்தில், தான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் இருந்தாள். சரக்குக் கப்பலில் சமையல் உதவிக்குப் போயிருந்த அவள் புருஷன் சேவியரை விடிந்ததிலிருந்து காணவில்லையாம். கப்பலைத் திருப்பிக்கொண்டு தேடுகிறார்களாம். தெரிந்ததும் கூப்பிடுவார்களாம்.

அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

காசம்மாளுக்குச் சேவியர் ஒரே பிள்ளை. கிடைத்துவிட்டால் சொல்லாமலே போய்விடலாம் என்று ஸ்டெல்லா நினைத்தாள். ஏன் அவன் பேசவில்லை என்று மாமியார் கேட்டபோது, நடுக்கடலில் டவர் கிடைக்காது என்றாள். சோறு வடித்தாள். வேலைக்குப் போனாள். மாமியாரோடு முட்டிபோட்டு ஜெபமாலை சொன்னாள். குளிக்கப் போனாலும் போனைக் கூடவே கொண்டுபோனாள். அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியும். முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

ரிசார்ட்டில் சேர்ந்த புதிதில் மேனேஜர் பிரிட்டோ எல்லோரையும் உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருந்தார். நல்ல சேதி என்றால் ஐ ஆம் கிளாட் என்று ஆரம்பிக்க வேண்டும். இல்லை என்று சொல்ல வேண்டிவந்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி நோ சொல்லக் கூடாது. ஐ ஆம் அஃப்ரெய்டு என்று ஆரம்பிக்க வேண்டும். ஐ ஆம் அஃப்ரெய்டு, ரூம் காலியில்லை. ஐ ஆம் அஃப்ரெய்டு, டிபன் முடிந்துவிட்டது.

இதில் பயம் எங்கே சார் வந்தது என்று அவள் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பயமெல்லாம் கிடையாதும்மா, அது ஒரு மரியாதை என்றார் பிரிட்டோ.

அன்றிலிருந்து யார் யாருக்கோ அந்த மரியாதையைச் செய்துகொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் எதிரில் நிற்பவர்களின் முகம் விழும். வாக்கியத்தின் மிச்சத்தை யாரும் சரியாகக் கேட்பதுகூட இல்லை.

போனை வாங்கினாள். ஈர விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. அணைக்கப் பார்த்தாள். திரை வழுக்கியது.

பேசியவன் கம்பெனிக்காரன் இல்லை. கப்பலிலிருந்தே பேசினான். எந்த நாட்டுக்காரனோ, இளம் குரல். சேவியரோடு ஒரே அறையில் இருப்பவன் என்றான். கேப்டன் தன்னைப் பேசச் சொன்னதாகச் சொன்னான். மிஸஸ் சேவியர்தானா என்று கேட்டான்.

ஆமாம் என்றாள்.

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். மூச்சு மட்டும் வந்தது.

கிளாட் சொல்லு என்று ஸ்டெல்லா மனதுக்குள் கெஞ்சினாள். மாதாவே, அவன் வாயில் கிளாட் வரட்டும்.

"ஐ ஆம் அஃப்ரெய்டு..."

மிச்சமும் அவள் காதில் விழத்தான் செய்தது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கப்பல் தன் வழியில் கிளம்பிவிட்டது. சேவியருடைய பையையும் துணிமணியையும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரெல்லாம் செதில்.

"இன்னாடி சொல்றான்? கொரலே ஒரு மாதிரி கீது."

காசம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்பீக்கரில் வந்த அத்தனையும் அவள் காதிலும்தான் விழுந்திருந்தது. சேவியர், கேப்டன் என்பதைத் தவிர ஒரு சொல்லும் புரியவில்லை. மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 ஸ்டெல்லா ஏதாவது சொல்லியாக வேண்டும். ராங் நம்பர் என்று சொல்லலாம். சம்பள விஷயம் என்று சொல்லலாம். ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில், அந்தப் பையன் முதலில் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"பயமா இருக்குதாம் அத்தை."

காசம்மாளின் முகம் இளகிவிட்டது.

சேவியரும் கப்பலேறிய முதல் மாதம் இப்படித்தான் இருந்தான். ஆள் உயரத்துக்கு அலை வருகிறது, வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதான். அப்போதும் அவள்தான் தேற்றினாள். நடவு வயலில் வரப்பிலிருந்து வரப்புக்குப் பேசிப் பழகிய தொண்டை. அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

ஸ்டெல்லாவின் கையோடு சேர்த்துப் போனை இழுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாத கண்ணு. எங்க சேவியரு அங்கதான கீறான். அவங்கிட்ட போயி இரு. அவன் பாத்துக்குவான்."

 அத்தனையிலும் அந்தப் பையனுக்குப் புரிந்தது சேவியர் என்கிற பெயர் மட்டும்தான்.

கொஞ்ச நேரம் இயந்திரத்தின் இரைச்சல் வந்தது. பிறகு அவன் விம்முவது வீடு முழுக்கக் கேட்டது.

காசம்மாள் போனை மருமகள் பக்கம் தள்ளினாள்.

"பாவம், அழுவறான். வச்சிடாதடி. ஏதாவது பேசு."