அடையாளம் கேட்ட மகள்

"ரேகை பொருந்தல. இன்னைக்குப் பதிவு பண்ண முடியாது" என்றாள், பத்திரப்பதிவு அலுவலகத்தின் சரிபார்ப்பு மேஜையில் இருந்தவள்.

வீடு வாங்க வந்திருந்த பேக்கரிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்க வந்த பெரியவர் கொத்தனார். காலமெல்லாம் சிமெண்டில் புழங்கித் தேய்ந்த விரல். மெஷின் எப்படி ஏற்கும்?

அதைக்கூட விடுங்கள். அந்தப் பெரியவர் அவளைப் பெற்ற அப்பா!

"ஏம்மா, உங்க அப்பாவை உங்களுக்கே தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா புதுச் சட்டப்படி, ரேகை விழலைன்னா அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் நேர்ல வந்து, இவர்தான்னு சொல்லணும். சொந்தக்காரங்க சொன்னா செல்லாது."

"முட்டிவலிக்காரரை இப்படி அலைய விடுறீங்களே!"

"நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்கப்பா" என்றவள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

"கல்நெஞ்சுக்காரி!"

"நாற்காலி கிடைச்சா அப்பனாவது, ஆத்தாவாவது!"

பெரியவரைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்த பேக்கரிக்காரர் வெடித்தார்.

"பிடிச்ச வீடுதான் ஐயா. ஆனா நாளைக்கும் கடையைப் பூட்டிட்டு வந்து என்னால நிக்க முடியாது. வேற ஆளைப் பாத்துக்குங்க."

பெரியவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான். மனசுல வெச்சுக்காதீங்க."

பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் மொதமொதல்ல கட்டின வீட்டை, எவனோ ஒருத்தன் நான்தான்னு சொல்லி, இதே ஆபீஸ்ல வித்துட்டுப் போயிட்டான், தம்பி. யாருடா நீன்னு ஒருத்தர்கூட கேக்கல. எம்பொண்ணு அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. பெட்டி படுக்கையோட தெருவுக்கு வந்துட்டோம்."

பேக்கரிக்காரர் வாசல் வழியே திரும்பி அந்த மேஜையைப் பார்த்தார். அவள் அடுத்து வந்தவரின் விரலை மெஷினில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் கடையைப் பூட்டிடுறேன், ஐயா" என்றார்.

பெரியவர் முட்டிவலியை மறந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"இனிமே இங்க எவன் வீடும் களவு போகாது, தம்பி! எவனையோ நான்னு நம்பின எடத்துல, எம்பொண்ணு என்னையே நம்ப மாட்டேங்கிறா!"