இருபத்தேழு மரை

"டேப்பு வேணும்."

"இன்னா டேப்பு? அளக்கறதா, ஒட்டறதா, பாட்டு கேக்கறதா?"

"மரை வெட்றது. இஞ்சுக்கு இருபத்தேழு மரை."

"எதுக்கு?"

"துப்பாக்கிக்கு."

கல்மண்டபம் ஹார்டுவேர் கடையில் ஏழு வாரத்துக்கு முன் வாங்க வந்த பிராங்கிளினும் அங்கே விற்பனைக்கு நிற்கும் ஜானட்டும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இதைப் போய் அவன் தினமும் படுக்கையில் மனசுக்குள் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றால், அவன் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். அத்திப்பட்டுப் பக்கம் ஒரு முதலாளி, கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் காற்றுத் துப்பாக்கியால் சாயக் குண்டு சுட்டு விளையாட ஒரு மைதானம் போட்டிருந்தார். வாரம் முழுக்கச் சம்பாதித்து, ஞாயிற்றுக்கிழமை சட்டையை நாசமாக்கிக்கொள்ள ஒரு வசதி.

துப்பாக்கிகள் பத்தும் வெளிநாட்டில் யாரோ வேண்டாமென்று கழித்தவை. காற்றுக் குழாயைத் திருகிச் சேர்க்கும் இடத்தில் மரை தேய்ந்து, குண்டைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் காற்று போய்க்கொண்டிருந்தது.

விம்கோ நகரில் தினக்கூலி வெல்டரான பிராங்கிளின், புது ஓட்டை போட்டு, அதற்குள் டேப்பைத் திருகி மரை வெட்டுவது பெரிய வித்தையா, நானே செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டான். ஒட்ட வைப்பது தெரிந்தவனுக்கு ஓட்டை போடவா தெரியாது? பத்தும் சரியானால் மைதானத்தில் நிரந்தர மெக்கானிக் வேலை. அந்த வேலை கையில் இருந்தால்தான் ஜானட்டின் அப்பா லூர்துவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியும் என்பது அவன் எண்ணம். லூர்து ஹார்பரில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டியவர். அவர் குரலைக் கேட்டாலே இவனுக்குத் தன் பெயர் மறந்துவிடும்.

மோசமான துப்பாக்கி ஒன்றை எடுத்து முதலில் அதில் பழகினான். ஓட்டை போட்டான், மரை வெட்டினான், குழாய் முனையை முறுக்கினான். மூன்று சுற்று வெண்ணெய் மாதிரி இறங்கியது, பிறகு இறுகி நின்றது. காற்றைத் திறந்து சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், குழந்தைகள் கைதட்டும் அளவுக்குக் குமிழி.

சனிக்கிழமைதோறும் அந்தத் துப்பாக்கியோடு கடைக்கு வந்து நிற்பதே வழக்கமாகிவிட்டது. ஜானட்டும் சலிக்காமல் வாரம் ஒரு குறை கண்டுபிடித்தாள். ஒரு வாரம் டிரில் பிட் பெரிசு என்றாள். அடுத்த வாரம், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடாமல் யாராவது மரை வெட்டுவார்களா என்றாள். பிறகு, டேப்பைப் பாதிச் சுற்று பின்னால் திருப்பித் துருவலை வெளியே தள்ளவில்லை என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எல்லாவற்றையும் செய்தான். காற்று போய்க்கொண்டே இருந்தது.

"ஆறு ஓட்டை கீது. துப்பாக்கி எடுத்தாந்தியா, புல்லாங்குழல் எடுத்தாந்தியா?" என்றாள் போன சனிக்கிழமை. கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்து வைத்தான்.

சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு. ஹார்பர் கான்ட்ராக்டர்கள் கொண்டுவரும் கிரீஸ் அப்பிய போல்ட்டைப் பார்க்காமலே, மரையை விரலால் ஒரு தடவு தடவி அளவைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் முன்னால் ஒரு மனிதன் வாராவாரம் புதுப்புது ஓட்டையோடு வந்து நின்றால் வேறென்ன கிடைக்கும்?

ஏழாவது வாரம் முதலாளி பொறுமை இழந்தார். திங்கட்கிழமைக்குள் முடியவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

பிராங்கிளின் முதல் தடவையாக வெட்கத்தை விட்டு, லேத் பட்டறை கமாலுதீனிடம் துப்பாக்கியையும் டேப்பையும் கொண்டுபோய் வைத்தான். அவர் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. டேப்பின் பல்லில் மரை எண்ணும் கேஜை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது இருபத்தெட்டு மரை, நைனா. நம்மூரு தண்ணிக் குழாய்க்குப் போடறது. உன் துப்பாக்கிக்கு இருபத்தேழு. மூணு சுத்து வரிக்கும் ஏமாத்தும், அப்பால எப்டி சேரும்? எந்தக் கடையில குடுத்தாங்க இத்த?"

மறந்துவிட்டதாகச் சொன்னான் பிராங்கிளின். ஏழு வாரம் கேலி வாங்கியவனுக்கு வந்த ரோஷம் அவ்வளவுதான்.

கடைக்கு நடக்கும் வழியெல்லாம், அவள் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தான். அளவு தவறாத பெண், தப்பாகக் கொடுத்துவிட்டாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் அந்தப் பெயர் என்னாவது? கடையில் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றான். பிறகு டேப்பை அவள் முன்னால் மெதுவாக வைத்தான்.

"நான்தான் அன்னிக்கு சரியா சொல்லல போல. இது இருபத்தெட்டாம், ஜானட்."

அவள் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

இழுப்பறையைத் திறந்து, எண்ணெய்க் காகிதம் பிரிக்காத வேறொரு டேப்பை எடுத்து வைத்தாள். காகிதத்தின் மேல் இருபத்தேழு என்று அச்சிட்டிருந்தது. அவன் கை நீட்டியதும் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அந்த ஏழு வாரத்தில் இல்லாத அதிசயமாக, அவள் முகத்தில் கேலி இல்லை.

"மொத நாளே இத்த குடுத்திருந்தா, நீ ரெண்டாவது தபா இந்தப் பக்கம் வந்திருப்பியா?"

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"எங்கப்பாவாண்ட வந்து பொண்ணு கேளுய்யா."