கொம்புப் பிடிக் கத்தி

காலையில் ஆட்டுக் குளம்புக்குள் இருந்த கத்தி இப்போது கொய்யாப் பழத்துக்குள் இருந்தது.

அடுப்படி வாசலில் நின்ற அருணா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் நடராசன் கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தன் கையாலேயே பழம் அறுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் புதுக் கத்தி மூன்று இருக்கிறது. அவருக்கு அந்தக் கொம்புப் பிடி போட்ட பழைய மடக்குக் கத்திதான் வேண்டும்.

சீ, என்ன ஜென்மமோ! குளம்பு அழுகிப் புழு வைத்திருந்த ஆட்டைக் காலால் அமுக்கிக்கொண்டு, அவர் கத்தியால் சீழைச் சுரண்டியதை அவள் கண்ணால் பார்த்தாள். நாற்றம் கிணற்றடி வரைக்கும் வந்தது. சுரண்டி முடித்ததும் வேட்டியில் ஒரு தேய், மடக்கி ஜோபியில் ஒரு போடு, அவ்வளவுதான் அவருடைய சுத்தம்.

அதே கோலத்தில் சம்பந்திகள் முன்னால் வந்து நின்றுவிடப் போகிறாரே என்று, அவள்தான் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். ஆட்டு வாடை அடித்த பழைய சட்டையைக் கட்டில்மேல் கவிழ்த்தாள். ஜோபியிலிருந்து விழுந்ததைத் தொடக்கூட மனசில்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டோடு அள்ளி, வெள்ளைச் சட்டையின் இரண்டு பக்கத்து ஜோபியிலும் திணித்தாள். அப்போதே கத்தியைத் தூக்கிக் குப்பையில் எறிந்திருக்க வேண்டும். புத்தி வரவில்லை.

நாத்தனார் புனிதாவுக்கு இது நான்காவது வரன். மூன்று தட்டிப்போனதில் அந்தப் பெண் கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அம்மணியோ, விழுப்புரத்திலிருந்து கிளியனூர் வருவதற்குத் தண்ணீரைக்கூட வீட்டிலிருந்தே கொண்டு வந்த ஆள். காபி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். கத்தி விஷயம் தெரிந்தால் அடுத்த நிமிஷம் வாசலில் இருப்பார்.

"சம்மந்தி, அதை இப்படிக் குடுங்க!" மாப்பிள்ளையின் அப்பா பச்சைமுத்து ஆசையாகக் கத்தியை வாங்கினார். "எங்கப்பா இடுப்புல இதே மாதிரி ஒண்ணு வச்சிகினு இருப்பாரு. நொங்கு சீவறதுலேர்ந்து எனக்குப் பென்சில் சீவற வரைக்கும் அதான். நானும் ஆசைக்கு ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன், ரெண்டே மாசத்துல ஸ்பிரிங் ஒடஞ்சி பூட்டுச்சி."

மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். "இந்த டக்குங்கற சத்தத்தைக் கேட்டா அப்பா பக்கத்துல குந்திகினு இருக்கற மாதிரியே இருக்குது." அலகை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "ஆஹா! பழைய இரும்புக்குன்னு ஒரு வாசனை இருக்குது பாருங்க!"

அருணா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இரும்பு வாசனையாம், கருமம்!

மனிதர் அதோடு விட்டாரா? தானே இரண்டு பழத்தை அறுத்து, கத்தி முனையில் ஒரு துண்டைக் குத்தி மனைவியிடம் நீட்டினார். அம்மணி தயங்கித் தயங்கி வாயில் போட்டு மென்றார்.

"நல்லாத்தான் இருக்குது. லேசா உப்புக் கரிக்குது."

அதற்குமேல் அருணாவால் முடியவில்லை. "மாமா, கொஞ்சம் இங்க வர்றீங்களா?" என்று நடராசனைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போய்ப் பொரிந்து தள்ளினாள்.

"உங்களுக்கே அருவருப்பா இல்லியா மாமா? சீழு எடுத்த கத்தியில பழம் அறுத்துக் குடுக்கறீங்களே! அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா புனிதா கதி என்ன ஆவறது?"

கையில் ஒரு துண்டுப் பழத்தோடு வந்த நடராசன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"அட, நீ ஒண்ணு! எங்கிட்ட ரெண்டு கத்தி இருக்குதும்மா. திண்டிவனம் சந்தையில ஜோடியா வாங்கினது, ரெண்டும் ஒரே அச்சு. ஆட்டுக்குத் தனி, வாய்க்குத் தனி. நான் என்ன அவ்ளோ கேவலமானவனா?"

அருணாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கமாகவும் இருந்தது. கல்யாணமாகி வந்த ஐந்து வருஷத்தில் இந்த மனிதரை மனசுக்குள் எத்தனை ஏசியிருப்பாள்! அவர் கையிலிருந்த துண்டை வாங்கி நிம்மதியாகக் கடித்தாள்.

உள்ளேயிருந்து அம்மணியின் குரல் கேட்டது. "பொண்ண எங்களுக்குப் புடிச்சிப்போச்சி. இன்னைக்கே பூ வச்சிட்டுப் போயிடறோம். அந்தப் பழம் இன்னும் ரெண்டு துண்டு குடுங்க."

அருணாவுக்குச் சிரிப்பு பொங்கியது. "ஒரே அச்சுன்னா, எது எதுன்னு எப்படி மாமா கண்டுபுடிப்பீங்க?"

"ஜோபிதாம்மா அடையாளம். இடது ஜோபி ஆட்டுக்கு, வலது ஜோபி வாய்க்கு. இருபது வருசமா ஒரு நாளு மாறினது கெடையாது." பெருமையாகச் சொல்லிக்கொண்டே இடது ஜோபியிலிருந்து இன்னொரு கத்தியை எடுத்து விரித்தார். அலகின் அடியில், நேற்று அறுத்த மாம்பழத்தின் மஞ்சள் நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

அருணாவின் வாய் பாதி மெல்லும்போதே நின்றுவிட்டது.

"இன்னைக்கு நான் மாத்தி வச்சிட்டேன், மாமா."