தோட்டாவுக்குக் கூசியது

என்மேல் முதலில் பழி போட்டவன், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசிதான். பழைய பட்டாளத்துத் துப்பாக்கிக்குள் அவனை முன்னால் தள்ளிவிடும் ஸ்பிரிங் நான். அன்று அவன் குத்தியதும் தோட்டா வெடிக்காமல் சிரித்தது.

"கூசுதுண்ணே! குத்துறதா இருந்தா ஒழுங்கா குத்துங்க."

"பின்னால தள்ளுற பெரியவருக்கு வயசாயிடுச்சுப்பா," என்றான் ஊசி.

ரிப்பேர்காரர் என்னைக் கழற்றி டப்பாவில் போட்டார். புது ஸ்பிரிங் தள்ளியும் தோட்டா சிரித்தது. அப்புறம்தான் ஊசியை வேகமாகப் போகவிடாமல் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூங்கிய பழைய கிரீஸைக் கண்டார். மண்ணெண்ணெயில் கழுவினார். அடுத்த குத்தில் தோட்டா வெடித்தது.

"புது ஆளு கெட்டிக்காரன்!" என்றான் ஊசி.

"தப்பு என்மேல இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுடா!" என்று கத்தினேன்.

"வெடிச்சதுல காது அடைச்சுப்போச்சு பெரியவரே, அப்புறம் பேசலாம்."

அந்த வார்த்தை இன்னும் வரவில்லை.