கத்தரி வாத்தியாருக்கு முட்டை மார்க்

காலேஜை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனாலும் அன்னிக்குக் காலையில அதே காலேஜ் செமினார் ஹால்ல, மாணவன்னு சொல்லிக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தேன். மதியச் சாப்பாடு ஓசின்னு காத்துவாக்குல கேள்விப்பட்டதுதான் காரணம். வாசல்ல பழைய ரோல் நம்பரையே எழுதினேன். யாரும் ஏன்னு கேக்கல. தாடி வேற வளர்ந்திருந்துச்சு. எங்க அம்மாவே ஒரு தடவை கதவைத் தொறந்து, யார் வேணும்னு கேட்டாங்க.

விஷயம் இதுதான். முதல் வருஷப் பசங்களுக்குப் புதுசா ஒரு பாடம் வருது. எப்படிப் படிக்கிறது, நேரத்தை எப்படிச் சமாளிக்கிறது, முடியலன்னா யார்கிட்ட போய் நிக்கிறதுன்னு சொல்லித் தர்ற பாடம். அதை நடத்தப் போற வாத்தியாருங்களுக்கு மூணு நாள் பயிற்சி. கடைசி நாள் ஒத்திகை. பத்துப் பசங்களை உக்கார வெச்சு ஆளுக்குப் பத்து நிமிஷம் நடத்தணும். மார்க் போடறது பசங்க.

வாத்தியாருக்கு நாம மார்க் போடறோம். சாப்பாடே இல்லாட்டியும் வந்திருப்பேன்.

பயிற்சி மேடம் விதியைச் சொன்னாங்க. பத்துக்கு எவ்வளவு வேணா போடலாம். ஆனா ஒரே ஒரு பூஜ்யம் விழுந்தாலும் அந்த வாத்தியாருக்கு இந்தப் பாடம் கிடையாது.

வாத்தியாருங்க பட்டியல்ல மூணாவது பேரைப் பார்த்தேன். வாயெல்லாம் பல்லாயிடுச்சு.

கத்தரி.

கெமிஸ்ட்ரி வாத்தியார். எங்க கிளாஸ் டீச்சர். அரை மார்க்கைக் கூட விடாம வெட்டுவார், அதனால அந்தப் பேரு. எனக்கு வருகை ரெண்டு சதவீதம் குறையுதுன்னு பரீட்சை எழுத விடாத புண்ணியவான். எவ்வளவோ கெஞ்சினேன். மனுஷன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். அன்னிக்குப் பையைத் தூக்கிட்டு வந்தவன்தான், யார்கிட்டயும் சொல்லிக்கக்கூட இல்ல. இப்ப மாமா கடையில செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டறேன். ஒரு குமிழி வராது, அந்தத் திமிர் மட்டும் இருக்கு.

இந்தப் பாடம் வேணும்னு மூணு வருஷமா மனு மேல மனு போட்டதே கத்தரிதானாம். பக்கத்து சீட்டுப் பொண்ணு சொன்னா. வெட்டறதுக்குப் புதுக் கழுத்து தேடறார் போலன்னு சொன்னேன். அவ புத்தகத்தால வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சா.

எங்க ஒவ்வொருத்தருக்கும் நடிக்கிறதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தாங்க. என் சீட்டுல, 'காலேஜை விட்டுப் போறேன்னு வாத்தியார்கிட்ட சொல்லு'ன்னு இருந்துச்சு. இதுக்கு எதுக்கு நடிப்பு?

முதல்ல இங்கிலீஷ் மேடம். நான் போறேன்னதும் கண்ணு கலங்கி அவங்க கதையைச் சொன்னாங்க. பாவமா இருந்துச்சு, சரி போகலன்னுட்டு ஒன்பது போட்டேன். அடுத்து கம்ப்யூட்டர் சார். விளக்கை அணைச்சு வீடியோ போட்டார். நல்லாத் தூங்கினேன், எட்டு.

அப்புறம் கத்தரி வந்தார். எந்திரிச்சேன்.

"சார், நான் காலேஜை விட்டுப் போறேன்."

கண்ணாடிக்கு மேல பார்த்தார். "எப்போ?"

"இப்பவே."

"சரி, போ. எந்தக் காகிதத்துலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாத."

"ஏன் போறேன்னு கேக்க மாட்டீங்களா சார்?"

"உனக்கு எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லு."

அவ்வளவுதான். அடுத்த பையன்கிட்ட போயிட்டார். போறவனைப் புடிச்சு நிறுத்தறதுக்குத்தான் இந்தப் பாடமே. இவர் என்னடான்னா கதவைத் தொறந்து விடறார். அப்பவும் காகிதக் கவலை.

போட்டேன் முட்டை. கோணக் கூடாதுன்னு தண்ணி பாட்டில் மூடியை வெச்சு வரைஞ்சேன்.

சாப்பாட்டை ஒரு புடி புடிச்சுட்டுக் கை கழுவும்போது மேடம் கூப்பிட்டாங்க. பூஜ்யம் போட்டது யாருன்னு சரிபார்க்காம எடுத்துக்க மாட்டாங்களாம். காலேஜ் மாணவன் போட்டாத்தான் செல்லுமாம்.

மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சுது. சாப்பிட்டதை யாரும் திருப்பிக் கேக்க முடியாது, அது வரைக்கும் நிம்மதி. முட்டை வீணாப் போகுதேன்னுதான் வயித்தெரிச்சல்.

"மேடம், நான் இங்க படிக்கல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே விட்டாச்சு."

அவங்க திட்டல. அப்ப இது செல்லாதுன்னு சொல்லி பூஜ்யத்தை அடிக்கறதுக்குப் பேனாவை எடுத்தாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு கம்ப்யூட்டர்ல என் நம்பரைத் தட்டினாங்க. பேனா அப்படியே நின்னுடுச்சு.

"யாரு சொன்னா விட்டாச்சுன்னு? நீ இன்னும் பட்டியல்ல இருக்கியே தம்பி."

திரையை என் பக்கம் திருப்பினாங்க. தாடி இல்லாத என் மூஞ்சி. பக்கத்துல 'நீண்ட விடுப்பு'. நாலு பருவத்துக்கு நாலு தடவை நீட்டிச்சிருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் கீழ கிளாஸ் டீச்சர் பரிந்துரை, கத்தரியோட கையெழுத்து.

விலகறேன்னு எழுதிக் கொடுத்திருந்தாத்தான் பேரை எடுப்பாங்களாம். விடுப்புல இருக்கறவன் எப்ப வேணா வந்து உக்காரலாமாம். மேடம் சொல்லிக்கிட்டே போனாங்க. எனக்குப் பாதிதான் காதுல விழுந்துச்சு.

"அந்த மார்க் ஷீட்டைக் கொஞ்சம் கொடுங்க மேடம். மாத்தணும்."

"கொடுத்த மார்க்கை மாத்த முடியாது தம்பி." ஷீட்டைக் கோப்புல வெச்சு முடிச்சைப் போட்டாங்க. "நீ எங்க மாணவன்தான். நீ போட்ட பூஜ்யம் செல்லும்."

அந்த நாலு கையெழுத்துல ஒண்ணை மட்டும் அவர் போடாம விட்டிருந்தாக்கூட, செல்லாமப் போயிருக்கும்.